சாப்பாடு நல்லா இருந்துச்சாம்

நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க தம்பி. நான் கண்டக்டர்கிட்ட எந்தப் பாஷையில டிக்கெட் கேட்டேன்? மலையாளத்துல. "ஒரு புனலூர் தரணம்"னு, நிறுத்தி நிதானமா, அழுத்தந்திருத்தமா. அவன் எதுல பதில் சொன்னான்? "புனலூரா அண்ணாச்சி? சில்லறையா குடுங்க." காதுல விழுந்துச்சா? அண்ணாச்சியாம். நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா எனக்கு?

நீங்க கேட்டப்போ மட்டும் அவன் மறுபேச்சே பேசலை. என்னமோ ரெண்டு வார்த்தை முணுமுணுத்தீங்க, அடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான். அது எப்படின்னு எனக்குப் பிடிபடலை. சரி, அது உங்க ராசி.

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. நான் வெளிய வேடிக்கை பார்க்கிற ஆளு இல்ல. அந்த எண்ணெய் டின்னை இப்படித் தள்ளி வைங்க, என் காலுக்கு நடுவுல இருக்கட்டும். தென்காசியில வாங்கினதா? நல்லது. இந்த மலையைத் தாண்டிட்டா எல்லாத்துக்கும் தேங்காய் எண்ணெய்தான். நம்மாளு நீங்க, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன.

என் பேரு சங்கரநாராயணன். கோவில்பட்டி. தாலுகா ஆபீஸ்ல துணை தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவன். என் சீட்ல ஒரு பைல் தேங்கினதா சரித்திரமே கிடையாது. எப்படிங்கிறீங்க? மனு குடுக்க வர்றவன் வாயைத் திறந்தா தாத்தா காலத்துல இருந்து ஆரம்பிப்பான். நான் காதுலயே வாங்க மாட்டேன். "பேச்சு வேண்டாம், பேப்பரைக் குடு"ம்பேன். அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டு நிப்பான், நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவேன். ஜனங்களோட பழகத் தெரியணும் தம்பி. அது ஒரு கலை.

என்ன, ஏதோ கேக்க வாரீங்க? புனலூருக்கு எதுக்குன்னா? அதைத்தான் சொல்ல வாரேன். இருங்க.

புனலூர்ல என் மகளைக் கட்டிக் குடுத்திருக்கு. கட்டிக் குடுத்திருக்குன்னா, நான் குடுக்கலை. அவளே கட்டிக்கிட்டா. செண்பகவல்லின்னு எங்க ஊர் அம்மன் பேரு. கோவில்பட்டிக்காரன் வேற என்ன பேரு வைப்பான்? திருவனந்தபுரத்துல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைக்குப் போனா, கூட வேலை பார்த்த பையன் ரெஜித்னு ஒருத்தன், அவனைப் பிடிச்சிருக்குன்னா. பையனைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சம்பந்திகிட்ட நான் எந்தப் பாஷையில பேசுறது?" நியாயமான கேள்விதானே? அதுக்கு அவ சொல்றா, "பேச ஆரம்பிங்கப்பா, பாஷை தானா வரும்"னு. தானா வர்றதுக்கு அதென்ன சளி தடிமனா?

கல்யாணம் புனலூர்ல வச்சாங்க. நான் போகலை. கால்வலி. முட்டி. கோமதி மட்டும் அவ தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தா. கோமதி என் வீட்டுக்காரி. கால்வலி அதுக்குப் பொறவும் விடலை, ஒரு நாலு வருஷம் இருந்துச்சு. பேத்தி பிறந்த சமயம் ரொம்ப மோசம். ஆபீஸ் மாடி ஏறி இறங்கும்போது ஒண்ணும் தெரியாது, கேரளாப் பக்கம் போகணும்னா மட்டும் சுருக்குனு இழுக்கும். ஈரமான ஊரு பாருங்க.

அவளும் கோவில்பட்டிக்கு வரலை. நான் வான்னு சொல்லலை. சொல்லாம வர்றதுக்கு அவ யாரு மகள்? கோமதிதான் வருஷத்துக்கு ரெண்டு தடவை புனலூருக்கு ஓடி வருவா. ஊருக்குத் திரும்பிட்டா ராத்திரி போன்ல பேத்தியைக் கூப்பிட்டு வச்சுக் கொஞ்சுவா. நான் பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்து ஓரக்கண்ணால பார்ப்பேன். மாளுன்னு கூப்பிடுறாங்க. செண்பகா சின்னதுல இருந்த மாதிரியே, அதே முன்நெத்தி.

போன வருஷம் ரிட்டயர் ஆனேன். வீட்ல உக்காந்தா என்ன சோலி? சரி, பெரியவங்க நாமதான் இறங்கிப் போகணும்னு பெருந்தன்மையா ஒரு முடிவுக்கு வந்தேன். போறதுன்னா வெறுங்கையோட போறதா? மலையாளம் படிச்சுக்கிட்டுப் போறதுன்னு தீர்மானம். புத்தகம் வாங்கினேன். பொறவு டி.வி.யில மலையாளச் செய்தி. காலையிலயும் செய்தி, சாயங்காலமும் செய்தி. நான் படிச்சது தெருவுல பேசுற மலையாளம் இல்ல தம்பி. மந்திரி அறிக்கை விடுற மலையாளம். கலெக்டர் எச்சரிக்கிற மலையாளம். வகிச்ச பதவிக்கு ஏத்த பாஷை வேண்டாமா?

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல தங்கச்சன்னு ஒரு சேட்டன் பேக்கரி வச்சிருக்கார். அவர்கிட்டதான் பழக்கம் பண்ணேன். தினமும் போய் மலையாளத்துல டீ கேப்பேன். அவர், "ஸாருக்குச் சீனி கம்மிதானே?"ன்னு கோவில்பட்டித் தமிழ்ல கேப்பார். ஒருநாள் பொறுக்க முடியாம, "ஏம் சேட்டா, நான் இவ்வளவு மெனக்கெட்டுப் பேசுறேன், நீரு மலையாளத்துல ஒரு பதில் சொன்னா என்ன?"ன்னு கேட்டேன். அதுக்கு அந்த மனுஷன், "ஸார், உங்க மலையாளத்துக்குப் பதில் சொல்ற அளவுக்கு நான் படிக்கலை"ன்னார். பார்த்தீங்களா, எவ்வளவு உயர்வா சொல்லிட்டார்! அன்னிக்குக் கூட ரெண்டு பப்ஸ் வாங்கினேன்.

பதின்மூணு கண் பாலமா? எங்க? ம், இருக்கட்டும். பாலம் எங்க போயிடப் போகுது. நீங்க இதைக் கேளுங்க.

இந்த ஓணத்துக்குத்தான் முதல்முதலா போனோம், நானும் கோமதியும். ரயில்ல போனோம். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கே கார் கொண்டுவந்துட்டார். அதனால புனலூர் பஸ் ஸ்டாண்ட் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. வந்தா தெரிஞ்சுட்டுப் போகுது, நமக்கு என்ன மலையாளமா தெரியாது?

கேட்ல சம்பந்தி நிக்கார். பாஸ்கரன் உண்ணித்தான்னு பேரு. மின்சார வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல உயரம், தும்பைப்பூ மாதிரி வேட்டி. நான் ரயில்ல வரும்போதே வாய்க்குள்ள சொல்லிப் பார்த்து வச்சிருந்தேன். நேரா அவர் முன்னால போய் நின்னு, "தங்களுடெ குடும்பத்தினு என்டெ ஹார்த்தமாய ஓணாசம்சகள்"னேன். மனமார்ந்த ஓண வாழ்த்துன்னு அர்த்தம். ஒரு பிசிறு இல்ல. அவர் என்னைப் பார்த்தார். திரும்பி வீட்டைப் பார்த்தார். பொறவு ரெண்டு கையையும் கூப்பி, கண்ணுல தண்ணி முட்ட, கணீர்னு சொன்னார்: "இந்த வாசப்படியை மிதிக்க உங்களுக்கு இப்பத்தான் மனசு வந்துச்சா?"

தமிழ்ல!

கோமதிதான் முதுகுல இடிச்சா. "மரம் மாதிரி நிக்காதீங்க. வாங்கன்னு சொல்றார். சீரியல் பார்த்துத் தமிழ் படிச்சவர், அப்படித்தான் பேசுவார்"னா.

உள்ளே போய் உக்காந்தேன். "குடிநீர் லபிக்குமோ?"ன்னு கேட்டேன், மரியாதையா. மனுஷன் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டார். "சொந்த மக வீட்ல தண்ணிக்குக் கையேந்துற நிலைமையை நான் பார்க்கணுமா!"ன்னுட்டு உள்ளே ஓடினார். ஓடிப்போய் எளநீர் வெட்டிக்கிட்டு வந்தார். சிரிச்ச முகம். சாயங்காலம் காத்தாட வெளிய நாற்காலி போட்டுக் குடுத்துட்டு, "உங்க கௌரவத்துக்கு இந்த நாற்காலி போதுமா?"ன்னு கேக்கார், அதே சிரிச்ச முகம். நான் என்ன சொல்றது? அவர் வேணும்னே சொல்றாரா, தெரியாம சொல்றாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. தெரியாமத்தான் சொல்வார். ஆனா ஒவ்வொண்ணும் வந்து சரியா விழும் தம்பி, விழ வேண்டிய இடத்துல.

இப்படியே ஓடுச்சு. நான் மலையாளத்துல கேப்பேன், அவர் தமிழ்ல சொல்வார். அவர் தமிழ்ல கேப்பார், நான் விடாம மலையாளத்துல சொல்வேன். ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்கு விளங்கலை. அதாவது, என் மலையாளம் அவருக்கு விளங்கியிருக்கும், அது நல்ல மலையாளம். அவருக்குத்தான் பதில் சொல்ல மனசு இல்ல.

எனக்கு எங்க வலிக்குதுன்னு சொல்றேன். ஆறு மாசம் உயிரைக் குடுத்து ஒரு பாஷையைப் படிச்சுக்கிட்டுப் போறோம். அதுல நாலு வார்த்தை பதில் சொன்னா குறைஞ்சா போயிடுவாங்க இந்த மலையாளத்துக்காரங்க? நாம கதவைத் தட்டுறோம். அவங்க கதவைத் திறக்காம ஜன்னல் வழியா பலகாரம் நீட்டுற மாதிரி இருக்கு. பலகாரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம நிக்கிறது வெளிய.

கோமதிகிட்ட இதைச் சொன்னேன். அவ ஒரே போடா போட்டா. "அவர் எதுக்குத் தமிழ் படிச்சாருன்னு நினைக்கிறீங்க? கல்யாணத்தன்னிக்கே சம்பந்தி இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வருவார், வந்தா நாம அவர் பாஷையில பேசணும்னுட்டு, அன்னியில இருந்து தினமும் சாயங்காலம் தமிழ் சீரியல் முன்னால உக்காந்திருக்கார். நாலு வருஷமா. அவர் வீட்டம்மா சரளம்மாவை அவங்க மலையாள சீரியலைப் பார்க்க விடலையாம்." யாரு படிக்கச் சொன்னா அவரை? நான் கேட்டேனா? சொல்லுங்க. நாலு வருஷம் ஒருத்தர் நமக்காக உக்காந்திருந்தார்னு கேட்டா நமக்கு எப்படி இருக்கும்? எரிச்சலா இருக்காது?

இதுல பொம்பளைங்க கதை தனி. சரளம்மா சம்பந்தியம்மா. அந்தம்மாவுக்குத் தமிழ் வராது, கோமதிக்கு மலையாளம் வராது. ரெண்டு பேரும் அடுப்படியில உக்காந்து தேங்காய் துருவிக்கிட்டே, இவ கோவில்பட்டித் தமிழ்ல கொட்டுறா, அந்தம்மா புனலூர் மலையாளத்துல கொட்டுறாங்க. என் முட்டிவலியில இருந்து அவங்க நாத்தனார் சண்டை வரைக்கும் பேசி முடிச்சுட்டாங்க. நடுவுல நடுவுல சிரிப்பு வேற. ஒரு முறை வேண்டாமா? ஒரு இலக்கணம் வேண்டாமா? நான் படிச்சவன், வாசல்ல உக்காந்து எளநீர் குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

சரி, பெரியவங்களை விடுங்க, குழந்தைக்குத் தமிழ் தெரியாதே, அதுவாவது நம்மகிட்ட மலையாளத்துல பேசும்னு மாளுவைப் பிடிச்சேன். மூணு வயசு. கதவுக்குப் பின்னால நின்னு பாவாடை நுனியைக் கடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் கீழே குனிஞ்சு... முட்டி அன்னிக்கு மடங்குச்சு பாருங்க, அதிசயமா... குனிஞ்சு, "மோளுடெ வித்யாப்யாசம் எந்தாயி?"ன்னு கேட்டேன். படிப்பெல்லாம் எப்படிப் போகுதுன்னு. அவ நல்லா யோசிச்சுட்டு, ரொம்பப் பாவமா, "தாத்தா, எனிக்கு இங்கிலீஷ் அறிஞ்ஞூடா"ன்னா. இங்கிலீஷ் தெரியாதாம் அவளுக்கு.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிச்சாங்க. உண்ணித்தான் வேட்டியில கண்ணைத் துடைச்சுக்கிட்டார். கோமதிக்குப் புரையேறிடுச்சு. செண்பகா மட்டும் சிரிக்கலை. என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. வந்ததுல இருந்து அவ என்கிட்ட "சாப்பிடுங்க", "குளிக்க வெந்நீர் இருக்கு" இந்த ரெண்டைத் தவிர வேற பேசலை. நானும் பேசலை. எனக்கும் அவளுக்கும் நடுவுல பாஷைப் பிரச்சினையே இல்லையே, அப்புறம் என்ன அவசரம்?

கொஞ்சம் கண் அசந்துட்டேன் போல. எவ்வளவு தூரம் வந்திருக்கோம்? சரி, சரி, நீங்க சொல்ல வேண்டாம், மரமெல்லாம் ரப்பரா இருக்கு, எனக்கே தெரியுது. எங்க விட்டேன்? ஆங், ஓணச் சாப்பாடு.

முக்கியமான கட்டம் இதுதான். நான் ஆறு மாசம் மலையாளம் படிச்சது டீ குடிக்க இல்ல தம்பி. ஒரே ஒரு வாக்கியம் சொல்ல. கல்யாணத்துக்கு வராததைப் பத்தி, ஒரு மரியாதைக்கு, ஒரு வார்த்தை. தப்பு கிப்புன்னு இல்ல, என் மேல என்ன தப்பு? ஒரு நாகரிகம். இதைத் தமிழ்ல சொல்றதுக்கு எனக்கு நாக்கு வளையாது. தமிழ்ல சொன்னா அது நானே சொன்ன மாதிரி ஆயிடும். வேற பாஷைன்னா, ஏதோ அறிக்கை வாசிச்ச மாதிரி, சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. மந்திரிக்கு ஒரு விழாவுக்கு வர முடியலைன்னா செய்தியில வாசிப்பாங்கல்ல, அதை அப்படியே உருப்போட்டு வச்சிருந்தேன்.

இலை போட்டு, பரிமாறி, பாயசம் வரைக்கும் வந்தாச்சு. எல்லாரும் உக்காந்திருக்காங்க. உண்ணித்தான் எனக்கு எதிர்ல. நான் தொண்டையைச் செருமிக்கிட்டு எந்திரிச்சு நின்னேன். "விவாஹவேளையில் பங்கெடுக்கான் கழியாத்ததில் ஞான் அகாதமாய கேதம் ரேகப்படுத்துன்னு." அவ்வளவுதான். கல்யாணத்துல கலந்துக்க முடியாததுக்கு ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு பண்ணிக்கிறேன்னு அர்த்தம். ஒரு சின்னத் தடுமாற்றம் இல்ல. ஆனா உள்ளங்கை பூரா வேர்த்துப் போச்சு.

உண்ணித்தான் பாயசத்தைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பார்க்கார். அவருக்கு ஏதோ பெருசா நடந்திருக்குன்னு மட்டும் தெரியுது. பொறவு செண்பகா பக்கம் திரும்பி, பைய, "மோளே, அச்சன் எந்தா பறஞ்ஞது?"ன்னார். அப்பா என்னம்மா சொன்னாருன்னு.

செண்பகா பரிமாறிக்கிட்டு இருந்தவ, கரண்டியோட நின்னா. என்னை ஒரு பார்வை பார்த்தா. பொறவு மாமனார்கிட்ட சொன்னா...

தம்பி, தோளைத் தட்டாதீங்க. சொல்ற கட்டத்துல இருக்கேன். பஸ் நின்னா நிக்கட்டுமே, நீங்க பாட்டுக்கு உக்காருங்க. என்ன கூட்டம் ஏறுது பாருங்க, பெரிய ஊரு போலருக்கு. அந்தக் கண்டக்டர் வேற எதையோ வாய்க்குள்ளயே போட்டுக் கத்துறான். செய்தி வாசிக்கிறவங்க மாதிரி நிறுத்திச் சொன்னா நமக்கும் விளங்கும். கையை எடுங்க தம்பி, கேளுங்க.

மாமனார்கிட்ட சொல்றா, "ஒண்ணுமில்ல அச்சா. சாப்பாடு நல்லா இருந்துச்சாம்."

எப்படி? ஆறு மாசம்! உள்ளங்கை வேர்க்க நான் சொன்னதை, பெத்த பொண்ணு, சாப்பாடு நல்லா இருந்துச்சாம்னு திருப்பிப் போட்டுட்டா. உண்ணித்தானுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ இன்னும் ஒரு கரண்டி பாயசம் வாங்கிக்கலைன்னா நான் உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்?"ன்னு அவரே ஊத்தினார். நான் உக்காந்து குடிச்சேன். அடைப் பாயசம். நல்லாத்தான் இருந்துச்சு, சவம்.

சாப்பாடு முடிஞ்சு அடுப்படிக்குப் போனேன். செண்பகா தனியா பாத்திரம் ஒதுக்கிக்கிட்டு இருந்தா. "ஏம்மா, நான் சொன்னது உனக்கு விளங்கலையா?"ன்னு கேட்டேன். அவ திரும்பாமலே சொன்னா, "நல்லா விளங்குச்சுப்பா. அங்க உக்காந்திருந்ததுல எனக்கு ஒருத்திக்குத்தான் முழுசா விளங்குச்சு. அதான் அப்படிச் சொன்னேன்."

"அப்படின்னா?"

"முடியலைன்னு சொன்னீங்க. கோவில்பட்டியில காலையில பஸ் ஏறினா மத்தியானம் பந்திக்கு உக்காந்திருக்கலாம். முடியாம என்ன? அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொண்டு போய் அவங்ககிட்ட குடுக்க மாட்டேன். அவங்க நல்லவங்க, நம்பிருவாங்க." பொறவு திரும்பினா. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. "அதோட, அதை நீங்க அவங்ககிட்ட சொல்ல வேண்டியது இல்லப்பா. தாலி ஏறும்போது வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தது அவங்க இல்ல. நான். எனக்குச் சொல்லுங்க. எனக்குத் தமிழ் தெரியும்."

பார்த்தீங்களா பேச்சை? பெத்த அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது? தமிழ் தெரியுமாம்! யாரு கத்துக் குடுத்தா? நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிறீங்க? வாயைத் திறந்தேன். நான் பிறந்ததுல இருந்து பேசுற பாஷை, ஒரு வார்த்தை வரலை. "முட்டி வலிக்குது"ன்னுட்டு வந்து படுத்துட்டேன்.

மறுநாள் காலையில முதல் வண்டிக்குக் கிளம்பிட்டேன். கோமதி வரலைன்னுட்டா. "நீங்க போங்க, எனக்கு இங்க எல்லாம் விளங்குது"ன்னா. இன்னி வரைக்கும் இங்கதான் இருக்கா. அங்க கோவில்பட்டியில நான் தனியா பேக்கரி பன்னைத் தின்னுக்கிட்டு மலையாளச் செய்தி பார்த்துக்கிட்டு இருக்கேன். பார்க்காம விட்டிருக்கலாம். ஆனா பழகிடுச்சு.

இப்போ விஜயதசமி வருதுல்ல. இங்க அன்னிக்குப் பிள்ளைங்களுக்கு எழுத்தினிருத்துன்னு ஒண்ணு செய்வாங்க. தாம்பாளத்துல அரிசியைப் பரப்பி, பெரியவங்க மடியில குழந்தையை உக்கார வச்சு, விரலைப் பிடிச்சு முதல் எழுத்து எழுத வைக்கிறது. மாளுவுக்கு இந்த வருஷம். போன வாரம் உண்ணித்தான் போன் பண்ணினார். "நீங்க மடியில வச்சு எழுதலைன்னா இந்தச் சடங்கு நடக்காது! இது என் மேல ஆணை!" பின்னாலயே ஒரு இசை வேற கேட்டுச்சு, சீரியல் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. உரிமை அவருக்கு, அவர் வீட்டுப் பேத்தி, ஊரே மதிக்கிற மனுஷன். என்னைக் கூப்பிடுறார். நான் "ஸ்வாகதம் செய்யுன்னு"ன்னேன். வரவேற்கிறேன்னு. செய்தியில அப்படித்தான் சொல்வாங்க. அவருக்கு விளங்குச்சோ என்னவோ.

அதான் போறேன். பேத்தி மடியில உக்காருவாளான்னு தெரியாது, இங்கிலீஷ்காரத் தாத்தா மடியில. அதுகூடப் பரவாயில்ல. தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைக்கிறது செண்பகாவாத்தான் இருக்கும். அவ முகத்தைப் பார்க்கணுமே.

என்ன தம்பி, எந்திரிக்கிறீங்க? உங்க ஊரு வந்தாச்சா? எது, குன்னிக்கோடா? அப்போ புனலூர் இதுக்கு அடுத்தா?

போயிடுச்சா? எப்போ?

நல்லா இருக்கே கதை! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா தம்பி, இவ்வளவு நேரம் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு? ஒரு வயசான மனுஷன்... என்ன? சொன்னீங்களா? தோளைத் தட்டினது அதுக்கா? கண்டக்டர் கத்தினதும் அதுதானா? என் காதுல ஒண்ணும்... மலையாளத்துல சொன்னீங்களா?

நீங்க மலையாளியா?

இறங்குறேன், இறங்குறேன், பெல்லை அடிக்கச் சொல்லுங்க. என் பை... ஆங், நீங்களே எடுத்துட்டீங்களா. உங்க எண்ணெய் டின்? சரி.

அப்பாடா. நில்லுங்க, மூச்சு வாங்குது.

அப்போ தென்காசியில டிக்கெட் கேட்டப்போவே மலையாளத்துலதான் கேட்டிருக்கீங்க. நான் மலையாளத்துக்காரங்க அப்படி, மலையாளத்துக்காரங்க இப்படின்னு மலை பூரா பேசிக்கிட்டு வந்திருக்கேன், நீங்க உம் கொட்டிக்கிட்டே வந்திருக்கீங்க. தென்காசி ஆஸ்பத்திரியில நர்ஸா? அதான் இவ்வளவு பொறுமை. ஆறு மாசமா தம்பி, ஒரு மலையாளி என்கிட்ட மலையாளத்துல ஒரு வார்த்தை பேச மாட்டானான்னு நான் ஏங்கின ஏக்கம் எனக்குத்தான் தெரியும். நீங்க பேசியிருக்கீங்க. பக்கத்துலயே உக்காந்து, தோளைத் தொட்டுப் பேசியிருக்கீங்க. நான் கேக்கலை.

இருங்க, வீட்டுக்குப் போன் போட்டுடறேன். தேடுவாங்க.

ஹலோ, உண்ணித்தான் அவர்களா? ஞான் இப்போள் குன்னிக்கோடு... பஸ் நிர்த்தியில்ல. ஆமா, ஆமா, நிர்த்தியில்ல. என்ன? அந்தப் பாவி யாரா? எந்தப் பாவி? ஐயோ, பழி எல்லாம் வாங்க வேண்டாம். செண்பகாகிட்ட குடுங்க. போனை செண்பகாகிட்ட குடுங்க.

செண்பகாவா? நான்தாம்மா. குன்னிக்கோட்டுல நிக்கேன். அதான் மாமாகிட்ட சொன்னேனே, புனலூர்ல பஸ்காரன் நிறுத்த...

இல்லம்மா. நிறுத்தினான். நல்லாவே நிறுத்தினான். கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லிக் கூவினான், பக்கத்துல இருந்த தம்பி தோளைத் தட்டித் தட்டிச் சொன்னார். எல்லாரும் சொன்னாங்க. நான்தான் இறங்கலை. முடியாம இல்ல. இறங்கலை.

செண்பகா?

லைன்லதான் இருக்கா தம்பி. மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேக்குது.

ஆங், இருக்கேன்மா. சரி. சரிம்மா. எங்கயும் போக மாட்டேன்.

வச்சுட்டா. "அங்கயே நில்லுங்கப்பா, நானே வாரேன்"னா. வேற ஒண்ணும் சொல்லலை. மாப்பிள்ளையை அனுப்புறேன்னு சொல்லலை, பார்த்தீங்களா? நானே வாரேன்னா.

வந்ததும் நான் என்ன சொல்றது? தமிழ்ல சொல்லணும். யோசிச்சுப் பார்த்தா எனக்கு அந்தப் பாஷையில இந்த மாதிரி ஒண்ணும் பேசிப் பழக்கமே இல்ல தம்பி. பயமா இருக்கு.

நீங்க வீட்டுக்குப் போகலையா? அவ வர்ற வரைக்கும் நிக்கிறீங்களா? அப்போ இனி நீங்க பேசுங்க. பேரைக்கூட நான் கேக்கலை. உங்க பேரு என்ன, வீட்ல யாரெல்லாம் இருக்காங்க, எண்ணெய் யாருக்கு, எல்லாம் சொல்லுங்க. மலையாளத்துலயே சொல்லுங்க. நான் வாயைத் திறக்கலை.